பாண் அச்சில் வார்த்த ஈயம்

"அண்ணா பொய் சொல்லாதவர் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடு" என்று, இந்த நினைவு மலரை, எங்கள் வழக்கில் கல்வெட்டை, தொகுக்கும் பெரியப்பாவின் மகன் தொலைபேசியில் சொன்னார். இறந்த நாளைக் குறிக்கும் திதி வெண்பா எழுதித் தந்த புலவரும் வாய்மையை எப்படியோ ஈற்றடிக்குள் திணித்துவிட்டார். முப்பத்தோராம் நாள் வந்து, கிரியை பார்த்து, சாப்பிட்டு, இந்த மலரைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி பேருந்துக்கு ஓடப்போகும் உங்கள் எல்லோருக்கும் அது தெரிந்த செய்தி. எனக்குத்தான் அதை எழுதக் கை வரவில்லை. அண்ணாவோடு ஒரே வீட்டில் வாழ்ந்து மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்தி. அவருடைய வாய்மையின் பாரம் எவ்வளவு என்று தூக்கிப் பார்த்தவளும் நான் ஒருத்திதான். அந்தப் பாரத்தைச் சொல்கிறேன். வாசித்துவிட்டு முதல் வரியை நீங்களே தீர்மானியுங்கள்.

அண்ணா திருகோணமலை நகரில், உள்துறைமுகத்தைப் பார்த்த வீதியொன்றில், அம்மாவின் சீதன வீட்டில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். கப்பல் ஊதுகிற சத்தத்தை வைத்தே அது எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்லிவிடுவேன் என்று அப்பா பெருமையடிப்பார். பாதி நாள் பிழைக்கும். அண்ணா கடற்கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, விருந்தாளிகள் இருக்கும்போதே, "இல்லை அப்பா, கொடி வேற" என்பார். வீட்டில் சட்டி உடைந்தால் யார் உடைத்தது என்று அம்மா கேட்டு முடிக்க முன்னமே "நான்தான்" என்று வந்து நிற்பார். "கொஞ்சமாவது மழுப்பக்கூடாதோ மகன்? அடிக்கிற எனக்கெல்லோ கை கூசுது" என்று அம்மா சொல்லுவார். எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. ஆகவே அண்ணாவுக்கு நான் தங்கச்சியாகவும் மிச்சமாகவும் இருந்தேன்.

பௌதிகம் படித்தார். தலைநகரில் பட்டம், பிறகு பனி கொட்டும் நாடொன்றில் ஆராய்ச்சி. அங்கே அவர் கற்றது, ஒருவருக்கும் தெரியாமல் நடப்பதைக் காண்பது. கல்லும் மண்ணும் வாழைப்பழமும் எங்கள் எலும்பும் இடைவிடாமல் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வீசிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கதிர் ஒரு பளிங்குக்குள் போனால் ஒரு மின்மினி வெட்டுகிறது. அவ்வளவு சிறிய வெட்டு. அதைப் பிடித்துப் பெருக்கி, எண்ணாக மாற்றும் கருவியைச் செய்வதும் திருத்துவதும் அண்ணாவின் தொழில். மற்றவர்கள் பெரிய கதிர்களைத் தேடினார்கள். அண்ணா இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிந்தவற்றைத் தேடினார். அங்கேயே இருக்கச் சொன்னார்கள். "புல்மோட்டை மணலுக்குள்ள கிடக்கிறதை இஞ்ச ஒருத்தரும் அளக்கமாட்டினம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

புல்மோட்டைக் கரையின் கறுத்த மணலில் கதிர் வீசும் கனிமம் உண்டு. அந்த மணலில் வலை காயப்போட்டு, அந்த மணலில் கிணறு தோண்டிக் குடித்து, அந்த மணலில் பிள்ளை பெற்று வாழ்கிறவர்களின் தண்ணீருக்குள்ளும் மீனுக்குள்ளும் அது எவ்வளவு போகிறது? இதுதான் அண்ணாவின் கேள்வி. வாழ்நாள் முழுவதற்கும் இந்த ஒரு கேள்விதான்.

தலைநகரில் விரிவுரையாளராக இருந்தபோது, தமிழர் வீடுகள் எரிந்த அந்த ஆடி மாதத்தில், அவருடைய வாடகை வீடும் எரிந்தது. சான்றிதழ், உடுப்பு, நண்பர்களின் படங்கள் எல்லாம் போயின. அண்ணா அந்தப் பளிங்கை மட்டும் துவாயில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, லொறி மாறி லொறி ஏறி ஊர் வந்து சேர்ந்தார். படலையில் நின்ற என் கணவர், பார்த்ததும் பார்க்காததுமாக, "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டியள் மச்சான். தாய் எங்க?" என்று கேட்டார். அண்ணா அதற்குச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

என் கணவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அவருக்கு என்று ஒரு மலர் அச்சடிக்கப்படவில்லை. கூட்டுறவுக் கடையில் மனேஜராக இருந்தார். வாயைத் திறந்தால் பாதி பகிடி, பாதி புளுகு. சீனி வரவில்லை என்று சொல்லவேண்டிய இடத்தில், "சீனி வெளிக்கிட்டிட்டுது அக்கா, ஹபரணையில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்குது" என்பார். சண்டைக்கு வந்த சனம் சிரித்துக்கொண்டு திரும்பிப் போகும். ஒரே கூரையின் கீழ், பொய்யே சொல்லாத ஒருவரும் உண்மையை நேராகச் சொல்லத் தெரியாத ஒருவரும். இருவருக்கும் நான் சோறு போட்டேன்.

கிணற்றடிக்குப் பக்கத்து விறகு அறையை அண்ணா ஆய்வுகூடமாக்கினார். பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார், மிச்ச நேரம் அந்த அறை. அவருடைய வேலையில் ஒரு ஒழுங்கு இருந்தது, அதை ஒரு நாளும் மாற்றமாட்டார். எதை அளப்பதென்றாலும் முதலில் ஒன்றும் வைக்காமல், பளிங்கு இருக்கும் வெறும் பெட்டியை அளப்பார். வெறும் பெட்டிக்கும் ஒரு எண் வரும். சுவர், காற்று, வானம், பக்கத்தில் நிற்கும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து எழுப்புகிற எண் அது. பிறகு மீனையோ தண்ணீரையோ வைத்து அளந்து, அந்த வெறுமையைக் கழிப்பார். மிஞ்சுவதுதான் விடை. "வெறுமையை அளக்காதவன் சொல்லுற எதையும் நம்பாத தங்கச்சி" என்பார்.

"மச்சான், உங்கட மிசின் இண்டைக்கு என்ன சொல்லுது?" என்று என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்.

"ஒண்டும் சொல்லேல்ல. வெறும் பெட்டிதான் ஓடுது."

"வெறும் பெட்டியே இவ்வளவு கதைக்குதெண்டால், உள்ளுக்கு ஏதும் வச்சால் எலக்சன் கேக்கும் போல."

ஊர் அண்ணாவை 'மணலுக்குக் காய்ச்சல் பார்க்கிற மாஸ்டர்' என்றது. அதுவும் என் கணவர் வைத்த பெயராகத்தான் இருக்கவேண்டும்.

அந்த வெறுமையைக் குறைக்க ஈயம் வேண்டும். பளிங்கைச் சுற்றி ஈயச் சுவர் எழுப்பினால் வெளிக்கதிர் உள்ளே வராது. ஆனால் புதிதாக உருக்கி எடுத்த ஈயத்துக்குள்ளும் சிறு கதிர் இருக்கும். அது ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு ஒருமுறை பாதியாகும். பல தலைமுறை கிடந்த ஈயம்தான் ஊமையாகும். ஆகவே வெளிச்சுவருக்குக் கண்ட ஈயமும் ஆகும், உட்சுவருக்குப் பழைய ஈயம் மட்டுமே ஆகும். பழைய ஈயத்துக்கு அண்ணா எங்கே போவார்? திருகோணமலையில் பிறந்தவர் கடலைத்தான் பார்ப்பார். எங்கள் துறைமுகத்தின் அடியில் வெள்ளைக்காரர் காலத்துக் கப்பல்கள் கிடக்கின்றன.

கிண்ணியாவில் மஜீது நானா என்று ஒரு சுழியோடி இருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, உடைந்த கப்பலின் ஈயத்தை நோண்டி எடுத்து வருவார். அதை உருக்கி, மச்சினனின் பேக்கரியில் கழித்துப்போட்ட பாண் அச்சில் வார்த்துத் தருவார். அதனால் அண்ணாவின் ஈயக்கட்டிகள் எல்லாம் கால் றாத்தல் பாண் மாதிரியே இருக்கும், மேற்பக்கம் கொஞ்சம் உப்பி. உட்சுவரின் நாலு பக்கமும் அப்படித்தான் எழுந்தது. ஒவ்வொரு கட்டியையும் அண்ணா அளந்து பார்த்தார். ஒவ்வொன்றும் ஊமை. மேல்மூடிக்கு இன்னும் நாலு கட்டி வேண்டும். மூடி இல்லாத பெட்டிக்குள் வானம் விழும்.

அந்த நேரம்தான் யுத்தம் இரண்டாவது தடவையாக ஊருக்குள் வந்தது. துறைமுகத்தில் இறங்க ஒருவரையும் விடவில்லை. கொஞ்ச மாதம் கழித்து நானா ஆள்விட்டுச் சொன்னார், பழைய ஈயம் நாலு கட்டி வார்த்து வைத்திருக்கிறது, வந்து எடுங்கோ என்று.

"அவசரமில்லை மச்சான். நிலவரம் சரிவந்தாப்போல பாப்பம்" என்றார் அண்ணா.

"நிலவரம் சரிவாறதுக்குள்ள நாங்கள் எல்லாரும் பழைய ஈயமாயிடுவம்" என்றார் என் கணவர். "நான் எப்பிடியும் தயிருக்குக் கிண்ணியா போறன். வரேக்க உங்கட பாணையும் தூக்கிக்கொண்டு வாறன்." பிறகு என்னைப் பார்த்து, "இஞ்சாரும், உமக்குத் தயிர், அவருக்குப் பாண். சுமக்கிற எனக்கு நாரி நோ" என்றார்.

கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. துறையடியில் படகில்தான் கடக்கவேண்டும். கடக்க முன்னம் சோதனைச் சாவடி. நடந்ததை அன்று பின்னேரம் மஜீது நானாதான் ஓடிவந்து, எங்கள் படலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வழியனுப்பத் துறையடிவரை அவரும் போயிருக்கிறார்.

"மச்சானுட கையில ஒரு பக்கம் தயிர்ச்சட்டி, ஒரு பக்கம் சாரத்துல கட்டின ஈயம். ஆமிக்காரன் என்னெண்டு கேட்டான். இவர் சிரிச்சிக்கிட்டு 'பாண் மாத்தயா' எண்டாரு. சிங்களத்துலயும் அது பாண்தானே. அவனும் சிரிச்சிட்டான் தங்கச்சி. சிரிச்சிக்கிட்டே அவிழ்த்துப் பாத்தான், பாண் மாதிரியே இருந்திச்சி. ஒரு கையால தூக்கினான். கை கீழ போயிட்டு. அதுக்குப் புறகு அவன் சிரிக்கல்ல."

ஈயம் என்றால் துப்பாக்கிச் சன்னம். அந்த நாட்களில் வேறு எதுவும் இல்லை. தயிர்ச்சட்டியைத் துறையடி மணலில் வைத்துவிட்டு, என் கணவரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் அண்ணா பளிங்கையும் எண்ணும் கருவியையும் ஒரு பொட்டலம் புல்மோட்டை மணலையும் எடுத்துக்கொண்டு முகாமுக்கு வெளிக்கிட்டார். நானும் போனேன். வெயில் உச்சிக்கு வரும்வரை வாசலில் நிற்கவைத்தார்கள். பிறகு உள்ளே ஒரு மேசைக்கு முன்னால் கதிரை தந்தார்கள். அதிகாரி இளைஞர். ஆங்கிலத்தில் கதைத்தார், எனக்கும் விளங்கியது. அண்ணாவை 'சேர்' என்றார். அவர் அதட்டியிருந்தால், அடித்திருந்தால், இந்தக் கட்டுரை எழுதுவது எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அவர் மரியாதையான பிள்ளை.

அண்ணா கருவியை ஓடவிட்டார். முதலில் வெறுமையை அளந்தார். அங்கேயும். என் கணவர் எந்த அறையில் கிடக்கிறாரோ தெரியாது, அண்ணா எண்கள் ஒன்றுகூடும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மணலை வைத்தார். கருவி பொரிந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில் தானும் பௌதிகம் படித்ததாகச் சொன்னார். ஈயம் எதற்கு என்று அண்ணா விளக்கியதை முழுவதும் கேட்டார். நம்பினார். அதை அவருடைய முகத்தில் கண்டேன்.

கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "சேர், நான் நம்புவது போதாது. மேலிடத்துக்கு நான் ஏதாவது எழுதவேண்டும். மண்ணுக்குள் ஒளித்து வைத்திருப்பதை இந்தக் கருவி கண்டுபிடிக்குமா? கண்ணிவெடியை? கண்டுபிடிக்கும் என்றால் இது எங்களுக்குத் தேவையான கருவி. இதற்கு ஈயம் கொண்டுவந்தவர் எங்களுக்கு வேண்டியவர். அவரை இப்போதே உங்களோடு அனுப்பிவிடுவேன்."

"இது அதற்கான கருவி அல்ல" என்றார் அண்ணா. "புதைத்த இரும்பு இதற்குத் தெரியாது."

"இப்போது தெரியாது. திருத்தினால்?"

"திருத்தினாலும் தெரியாது."

அதிகாரி பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் திரும்பவும் கேட்டார். "சேர், யோசித்துச் சொல்லுங்கள். தெரியலாம் என்று சொன்னாலும் எனக்குப் போதும்."

நான் மேசைக்குக் கீழே அண்ணாவின் தொடையில் நகம் பதியக் கிள்ளினேன். "அண்ணா, ஓமெண்டு சொல்லுங்கோ."

"இல்லாததை எப்பிடித் தங்கச்சி ஓமெண்டுறது?"

"சொல்லுங்கோ அண்ணா. உங்கட காலில விழுறன்."

கதிரையை விட்டிறங்கி விழுந்தேன். அந்த முகாமின் சீமெந்துத் தரை இன்னும் என் நெற்றியில் இருக்கிறது. அண்ணா என்னைத் தூக்கவில்லை. அதிகாரியைப் பார்த்து, வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்குகிற அதே குரலில், "தெரியாது" என்றார். அதிகாரி பேனையை மூடினார். சத்தம் சின்னது. பளிங்குக்குள் மின்மினி வெட்டுகிற அளவுதான்.

முகாமிலிருந்து திரும்பி நடந்தோம். சந்தியைக் கடக்கும்போது அவரே தொடங்கினார். "நான் ஓமெண்டால், நாளைக்கு இந்த மிசினை முன்னால விட்டு அதுக்குப் பின்னால ஒரு பெடியன் நடப்பான். ஆமிக்காரனோ எங்கட பெடியனோ, ஆரோ ஒருத்தன். மிசின் ஒண்டும் சொல்லாது. அவன் நம்பிக் காலை வைப்பான்."

"வைக்கட்டும்" என்றேன்.

இன்று வரைக்கும் அதைத் திருத்தவில்லை. வைக்கட்டும்.

பிறகு நாங்கள் போன ஒவ்வொரு தடவையும், அவரை விட்டுவிட்டோம், வீட்டுக்கு வரவில்லையா என்று எங்களையே கேட்டார்கள். அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு நாள் வரச்சொல்லி ஆள் வந்தது. ஓடினோம். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சாக்கைத் தந்தார்கள். உள்ளே ஈயம். நாலு கட்டியும் குறையாமல் இருந்தது. என் கணவர் கட்டிக்கொண்டு போன அதே சாரத்தில், அவர் போட்ட அதே முடிச்சில்.

வந்த அன்றே அண்ணா அதை அளந்தார். மனம் கேட்கவில்லையாம், பழக்கமாம். எனக்கு வாசிக்கத் தெரியும், அந்த நேரம் நான்தான் அவருக்குக் கையாள், வேறு யார் இருந்தார்கள்? முதலில் வெறும் பெட்டி. பிறகு ஒரு கட்டி. எண்ணை வாசித்துச் சொன்னேன். இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார். அடுத்த கட்டி. அடுத்தது. கடைசிக் கட்டி முடிந்ததும் துவாயால் கையைத் துடைத்தார்.

"இது புது ஈயம் தங்கச்சி. உள்ளுக்கு ஆகாது."

கொஞ்சம் மழுப்பக்கூடாதா? அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பார். ஆகாத ஈயத்துக்காகத்தான் என் மனிசன் போனவர் என்பதை ஒரு நாளைக்காவது எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கக்கூடாதா?

மஜீது நானாவும் வந்தார். முற்றத்தில் நின்று, தலையைத் தூக்காமல் சொன்னார். "கடலுக்குள்ள எறங்க விடுறானுகள் இல்ல மாஸ்டர். வீட்டுல அடுப்பு எரியல்ல. லொறி பெட்டரி நாலஞ்சி கிடந்திச்சி. ஈயம் ஈயந்தானே எண்டு உருக்கி ஊத்திப்போட்டேன். அல்லாஹ் அறிய, இப்படி வருமெண்டு நினைக்கல்ல."

"தெரியும் நானா. அளந்து பாத்தனான்" என்றார் அண்ணா. கோபம் இல்லை. ஆறுதலும் இல்லை.

நான் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினேன். "குடிச்சிட்டுப் போங்கோ நானா." அவர் ஒவ்வொரு மடக்காகக் குடித்து முடிக்கும்வரை நான் விலகாமல் நின்றேன். அதன்பின் ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்தில் கிண்ணியாவிலிருந்து ஒரு சட்டி தயிர் வரும். நான் தொடுவதில்லை. அண்ணா சாப்பிடுவார்.

உறவுக்காரர் வந்து போனீர்கள். பொட்டை அழி, கிரியையைச் செய், ஆத்மா அலையும் என்றீர்கள். மாமி ஒருவர் என் நெற்றிக்குக் கையைக் கொண்டு வந்தபோது அண்ணா அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

"அதை விடுங்கோ. காணேல்ல எண்டுறதும் இல்லை எண்டுறதும் ஒண்டில்லை."

"அப்ப இருக்கிறார் எண்டுறியோ தம்பி?"

"அதுவும் எனக்குத் தெரியாது."

என் பொட்டை அண்ணாதான் காப்பாற்றினார் என்று நீங்கள் நன்றியோடு சொல்வதுண்டு. கேளுங்கள். அவருடைய தொழிலில், தேடிய பொருள் தென்படாவிட்டால் பூச்சியம் என்று எழுதமாட்டார்கள். இவ்வளவுக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று ஓர் எல்லையை எழுதுவார்கள். இன்னும் அதிக காலம் தேடியும் தென்படாவிட்டால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். இறங்கிக்கொண்டே இருக்கும். பூச்சியத்தை மட்டும் தொடாது. என் மனிசன் இருக்கிறாரா என்று நான் கேட்டபோதெல்லாம் அண்ணா எனக்குத் தந்த பதில் இதுதான். ஒவ்வொரு வருடமும் கேட்டேன். ஒவ்வொரு வருடமும் எல்லையைக் கொஞ்சம் இறக்கினார். அந்தப் பொட்டை வைத்துக்கொண்டு நான் கண்ணாடி பார்த்த காலைகளை அவர் அளக்கவில்லை.

அவருடைய ஆராய்ச்சி நிற்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். மூடியில்லாத பெட்டியோடு, வானம் விழ விழ, மின்சாரம் இருந்த நேரமெல்லாம் அளந்தார். பாதை திறக்கும் நாட்களில் புல்மோட்டைக்குப் போய்ப் போத்தலில் கிணற்றுத் தண்ணீரும் ஐஸ்பெட்டியில் மீனும் கொண்டுவந்தார். மீனை எரித்துச் சாம்பலாக்கி அளப்பார், வீடு முழுக்கச் சுடலை மணம். கடைசியில் விடை கிடைத்தபோது அதை அந்தச் சனத்துக்குச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மீன்வாடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் சுற்றி நின்றார்கள்.

"தண்ணி குடிக்கலாம், மீன் தின்னலாம். மிசினுக்கு ஒண்டும் தெரியேல்ல" என்றார்.

"அப்ப ஒண்டுமில்ல எண்டு சொல்லுங்க மாஸ்டர்."

"ஒண்டுமில்லை எண்டு சொல்ல ஏலாது. என்னுடைய மிசினுக்குத் தெரியேல்ல."

"இதச் சொல்லவா வெயிலுக்குள்ள வந்தீங்க? இத எங்கட ஆடு சொல்லும்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கணவர் போனபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அண்ணா ஏன் என்று விளங்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த முடிவுகள் வெளிநாட்டு ஆய்விதழ்களில் வந்தன. மேல்மூடி இருந்திருந்தால் எல்லையை இன்னும் இறக்கியிருக்கலாம் என்று ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு வரி எழுதுவார். அது இல்லாத காரணத்தை எழுதமாட்டார். யுத்தம் முடிந்தபின் பல்கலைக்கழகத்துக்கு வருகை விரிவுரையாளராகப் போனார். அவரிடம் படித்தவர்கள் இன்று பெரிய ஆய்வுகூடங்களில் இருக்கிறார்கள். பொய்யான எண்ணைப் போட்ட பிள்ளையை வகுப்பிலிருந்து அனுப்பிவிடுவார் என்று பெருமையோடு சொல்கிறார்கள். அனுப்பியிருப்பார்.

கதிர்வீச்சுத்தான் அவரைக் கொண்டுபோனது என்று செத்த வீட்டில் சிலர் கதைத்ததைக் கேட்டேன். இல்லை. சலரோகம் என்கிற நீரிழிவு. கடந்த வருடம் வலது பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே. காலை நம்பி வைக்கப்போகும் பெடியனைப் பற்றி அவர் அன்று சந்தியில் சொன்னது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த வெறும் இடத்தைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது. நான் எதையும் எதனோடும் பொருத்தவில்லை. ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

கடைசிக் கிழமையில் ஒரு மத்தியானம். கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கையால் விலக்கினார்.

"தங்கச்சி. அந்த நாலு கட்டி."

"எந்த நாலு கட்டி?"

"மச்சான் கொண்டுவந்தது. அது பழைய ஈயம்தான். நான் அண்டைக்குப் பிழையா அளந்துபோட்டன்."

அண்ணா பிழையாக அளப்பதில்லை. அதுவுமல்லாமல் எண்ணை வாசித்தவள் நான். நானாவே வந்து முற்றத்தில் நின்று சொன்னவர். மூன்றுக்கும் சாட்சியாக அவருடைய கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம், அதை எப்படி வைத்திருப்பது என்று தெரியாமல் குழந்தைப்பிள்ளை மாதிரித் திறந்து கிடந்தது.

"ஓமண்ணா. பழசுதான்" என்றேன்.

கண்ணை மூடினார். பழக்கம் விடவில்லை, "அளந்து பாத்தனீயோ?" என்றார்.

"பாத்தனான்."

"வெறும் பெட்டியை முதல்ல?"

"ஓம். முதல்ல."

மிச்சக் கஞ்சியைக் குடித்தார்.

இனி நன்றி. ஆஸ்பத்திரி விடுதியில் அண்ணாவைத் தூக்கித் துடைத்த தாதிப் பிள்ளைகளுக்கும், எங்களுக்கு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், பாடையைத் தோளில் எடுத்த அவருடைய மாணவர்களுக்கும், தூர தேசங்களில் இருந்து திரைக்குள் நின்று அழுதவர்களுக்கும் கைகூப்புகிறேன். மஜீது நானா மௌத்தாகி நாளாயிற்று. அவருடைய மகன் எட்டாம் நாள் கிரியைக்குத் தயிர் கொண்டுவந்தார். இந்தத் தடவை நான் சாப்பிட்டேன். புளித்திருந்தது. அவருக்கும் நன்றி.

பெரியப்பாவின் மகனுக்கு ஒரு செய்தி. வெண்பாவை மாற்றவேண்டாம், புலவரின் யாப்புக் கெட்டுவிடும். முதல் வரியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அண்ணா பொய் சொல்லாதவர் அல்ல. ஒன்று சொன்னார்.

எட்டு முடிந்த மறுநாள் விறகு அறையைத் திறந்தேன். பளிங்கு மஞ்சள் பூத்துவிட்டது, ஆனாலும் கருவி ஓடியது. முதலில் வெறும் பெட்டியை அளந்தேன். பிறகு சாரத்தின் முடிச்சை அவிழ்த்தேன். அன்று அளந்து முடிந்ததும் நானே திரும்ப அதே மாதிரிப் போட்டு, இவ்வளவு காலம் ஒருவரையும் அவிழ்க்க விடாமல் வைத்த முடிச்சு. பாண் மாதிரி உப்பிய கட்டிகளை ஒவ்வொன்றாக வைத்தேன். எண், அன்று நான் வாசித்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இல்லாமல் போகவில்லை. இன்னும் சில தலைமுறை கிடந்தால் அந்த ஈயமும் ஊமையாகிவிடும், பழைய ஈயமாகிவிடும்.

அண்ணா எனக்குச் சொன்ன பொய் இப்படி மெதுவாக உண்மையாகிக்கொண்டிருக்கிறது. முகாமில் அந்த மேசைக்கு முன்னால், ஒளித்து வைத்திருப்பதைக் கருவி கண்டுபிடிக்கும் என்று சொல்லியிருந்தால் அந்தப் பொய் அன்று மத்தியானமே உண்மையாகியிருக்கும், என் மனிசனைக் கண்டுபிடித்துத் தந்திருக்கும்.